பூச்சு பிடித்துவிட்டது

அன்பு மகனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் பெண்டாட்டி எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை.

முதலில் நல்ல சேதி. இவள் குடலை அறுக்க வேண்டியதில்லை. நேற்று குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். போன வருஷம் புண்ணும் ரத்தமுமாய்க் கிடந்த அதே இடம், இப்போது வழவழவென்று இருக்கிறது.

குடலின் உள்தோல்தான் காவல். அது விட்டுப்போனால் கிருமி உள்ளே கசியும், உடம்பு அதோடு மல்லுக்கு நின்று தன்னையே புண்ணாக்கிக்கொள்ளும் என்று அவர் அன்றைக்குச் சொன்னது நினைவிருக்கிறதா? காலமெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்கு உட்பூச்சு பூசினவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மழைக்காலத்துக்கு முன்பே வலி நின்றது, ரத்தமும் நின்றது. உடனே இவள் மருந்தை நிறுத்திவிட்டு உன்னிடம் கிளம்பப் பெட்டி கட்டினாள். நான் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். புதுப் பூச்சு மேலே காய்ந்த மாதிரித்தான் தெரியும், அன்றைக்கே தண்ணீர் விட்டால் பெயர்ந்து வரும் என்றேன். "நான் என்ன மாமா, உங்க தொட்டியா?" என்றாள். தொட்டி இவ்வளவு வாய் பேசாது என்றேன். இந்த வரியை எழுத மாட்டேன் என்கிறாள். எழுதம்மா.

பஞ்சாயத்து டாக்டரம்மாவிடம் போனது. வலி நிற்பது பாதி வழி, உள்தோல் மூடினால்தான் ஊர் வந்த மாதிரி என்றார். அதோடு பெட்டியைப் பிரித்தாள். கொஞ்ச நாள் என் டீயில் சர்க்கரை இல்லை, அது வேறு கதை.

ஒருநாள் தலைவலிக்கு என் முழங்கால் மாத்திரையை எடுக்கப் போனாள். அந்த மாதிரி வலி மாத்திரை குடலின் உள்தோலைக் கெடுக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். டப்பாவைக் கட்டிலுக்கு அடியில், என் பழைய கொத்துக் கரண்டிப் பைக்குள் ஒளித்தேன். அப்புறம் குனிந்து எடுக்க என் முழங்கால் விடவில்லை.

அடுத்த மாதம் உன்னிடம் வரலாமாம். மருந்து தொடரும். பூச்சு பிடித்துவிட்டதென்று நீ இரக்கப்பட்டு அதை நிறுத்த விட்டுவிடாதே.

போன வருஷம் ஒரு வாய்ச் சோற்றுக்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் கழிப்பறைக்கு ஓடினவள் இவள். எழுத உட்கார்ந்தபோது வெயில் மேசையில் கிடந்தது. இப்போது சுவரில் ஏறிவிட்டது. இடையில் ஒருதரம்கூட எழுந்திருக்கவில்லை. முடிக்கலாமா மாமா என்கிறாள். நான்தான் வேண்டுமென்றே இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு பேரும் நல்லா இருங்க.

அப்பா