தில்லைக்குக் காட்டிய வெளிச்சம்

நெடுங்குன்றம் குடியிருப்பு, செவ்வாய்க் கிரகம்
விழா மண்டப ஒளிப் பதிவு. எழுதுபவர்: மாசிலாமணி, விளக்குப் பொறுப்பு

நாள் 412, காலை 9.10

குடியேற்ற நாள் விழாவுக்காகப் தானே தலை திருப்பி வெளிச்சம் வீசும் பன்னிரண்டு மூவிங் ஹெட் விளக்குகளும் சோதிக்கப்பட்டன. ஏழாவது மட்டும் மேலும் கீழும் அசைவதில் முரண்டு பிடிக்கிறது. எண்ணெய் போட்டேன். மற்றவை நலம். எல்லாம் உத்தரத்தில் தலைகீழாகத் தொங்குகின்றன. நான்தான் மாட்டினேன், அமைப்புகளையும் நானே போட்டேன், வேறு யாரையும் தொட விடுவதில்லை.

மின்சாரம் கொடுத்ததும் ஒவ்வொன்றும் ரீசெட் ஆகும். இடமும் வலமும் திரும்பி, மேலும் கீழும் தலையாட்டி, பிறகு நேராக நிற்கும். என் மனைவி தில்லைநாயகிக்கு அதைப் பார்த்தால் ஒரே சிரிப்பு. விளக்கு "வாங்க வாங்க" என்று கூப்பிடுகிறதாம், நான் ஒரு நாளாவது அவளை அப்படிக் கூப்பிட்டதுண்டா என்று கேட்பாள். இன்று பனிக்கட்டி ஏற்றி வர வண்டியில் போயிருக்கிறாள். ஒத்திகைக்குள் வந்துவிடுவாள்.

பிற்பகல் 1.40

புழுதிப் புயல். நடுப்பகலே கருத்துவிட்டது. தில்லையின் வண்டியில் அலை வாங்கும் கருவி கெட்டுவிட்டது. அவள் பேசுவது நமக்குக் கேட்கிறது, நாம் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. வழிகாட்டும் திரையும் போய்விட்டது.

ஒலிபரப்பு, தில்லை: "ஏங்க, நான் பேசுறது கேக்குதான்னு தெரியல. கேட்டா இதச் செய்யுங்க. உங்க மேடை விளக்கக் கொண்டுபோயி கூரைல வைங்க. நான் எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தப் பக்கம் வீசுங்க. அணைச்சீங்கன்னா நின்னுடுவேன். பயப்படாதீங்க, மூச்சுக் காத்து நாளைக் காலை வரைக்கும் இருக்கு."

என்னைப் பயப்படாதே என்கிறாள். திமிர் பிடித்தவள்.

2.25

கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளர் ஹமீதாவின் ஆட்கள் கதவோரம் இருந்த ஏழாவது, எட்டாவது ஆகிய இரண்டு விளக்குகளைக் கழற்றிக் கூரையில் வைத்துவிட்டார்கள். தொங்க விட அங்கே எதுவும் இல்லை, தரையில் நிமிர்த்தி உட்கார வைத்தாயிற்று. இரண்டும் ஒன்றாகத் திரும்ப வேண்டும் என்பதால் ஒரே அட்ரஸ் கொடுத்தேன். மின்சாரம் கொடுத்ததும் ரீசெட் ஆகி ஒழுங்காகத் தலையாட்டினவாம். அதோடு அவர்களை உள்ளே வரச் சொல்லிவிட்டேன், காற்று அப்படி.

வெளிக் கேமரா புழுதியில் குருடாகிவிட்டது. விளக்குகளை இயக்கும் கன்சோலின் திரையில், நான் கொடுக்கும் கட்டளைப்படி கோடாக வரும் கற்றைதான் எனக்குக் கண். மண்டபத்தில் புகை மெஷின் போட்டால்தான் கற்றை தெரியும். இங்கே புயலே புகை.

ஒன்றைச் சரியாகக் கணக்கில் வைத்தேன். அவள் என்னைப் பார்த்து வருகிறாள், ஆகவே அவளுடைய இடது எனக்கு வலது. மேடைக்கும் பார்வையாளருக்கும் உள்ள அதே சங்கதி. புது ஆள் என்றால் இதில் கோட்டை விட்டிருப்பான்.

3.05

ஒலிபரப்பு, தில்லை: "தெரியுதுங்க! ரெண்டும் தெரியுது! யப்பா, என்னா வெளிச்சம்."

அழுதுவிட்டேன். பதிவில் இருக்கட்டும்.

அவள் ஒலிபரப்பு வரும் இடம் ஹமீதாவின் திரையில் புள்ளியாக நகர்கிறது. இனி ஒரே ஒரு வளைவு. அவள் தன் இடப்பக்கம் திரும்ப வேண்டும். வலப்பக்கம் பெரிய பள்ளம். அவளுடைய இடப்பக்கம் வீசத் தொடங்கிவிட்டேன்.

3.50

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒலிபரப்பு, தில்லை: "வலது பக்கமா காட்டுறீங்க? அந்தப் பக்கம்தான பள்ளம்னு நெனச்சேன். சரி, இந்த இருட்டுல எனக்கு என்ன தெரியுது. நீங்க காட்டினா சரியாத்தான் இருக்கும்."

ஹமீதா: "மாசிலாண்ணே, மதினி வலப்பக்கம் போறாங்க! என்னண்ணே காட்டுறீங்க?"

திரையில் என் கோடு சரியாகத்தான் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. தொங்கும் விளக்குக்குத் திரும்பும் திசை மாறிவிடும். அதைச் சரிக்கட்ட, மாட்டிய அன்றே பன்னிரண்டிலும் திசையைத் திருப்பிப் போட்டிருந்தேன். நிமிர்த்தி வைத்தபோது அதை எடுக்கவில்லை. அவள் இடப்பக்கம் என்று நான் வீசியதெல்லாம் கூரையில் அவளுடைய வலப்பக்கம் வீசியிருக்கிறது.

உடனே அமைப்பை மாற்றினேன். அமைப்பை மாற்றினால் விளக்கு ரீசெட் ஆகும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மாற்றினேன்.

ஒலிபரப்பு, தில்லை: "அட, வாங்க வாங்கங்குது! வந்துட்டனா? இந்தா வந்துட்டேன், வந்துட்டேன்..."

பிறகு உலோகம் நொறுங்கும் சத்தம்.

அணைத்திருந்தால் போதும். நின்றிருப்பாள். அவளே சொல்லியிருந்தாள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைக்கும் பிளாக்அவுட் பட்டன் என் கட்டைவிரலுக்கு அடியில்தான் இருந்தது. ஆட்டம் நடக்கும்போது மேடையை இருட்டாக்காதே, தப்பு வந்தால் வெளிச்சத்திலேயே திருத்து என்று பழகிய கை. அது அங்கே போகவே இல்லை.

5.15

ஒலிபரப்பு, தில்லை: "ஏங்க, வண்டி கவுந்திருச்சு. கால் ரெண்டும் மாட்டிக்கிச்சு, வலி தெரியல. உங்க விளக்கக் காணோம். அணைச்சிட்டீங்களா? அணைச்சா நிக்கிறேன்னு சொன்னேன்ல. நின்னுட்டேன்."

அணைக்கவில்லை தில்லை. நீ பள்ளத்துக்குள் இருக்கிறாய், உனக்குத் தெரியவில்லை. இதை நான் உனக்கு எப்படிச் சொல்வேன்?

ஹமீதா: "அண்ணே, இந்தக் காத்துல வெளிக்கதவத் தொறந்தா போறவங்களும் திரும்ப மாட்டாங்க. காத்து எறங்கின அடுத்த நிமிசம் நானே போறேன். என்னைத் திட்டுங்க, ஆனா தொறக்கச் சொல்லாதீங்க."

திட்டவில்லை. அவள் சொல்வது சரி.

6.30

கற்றை இரண்டையும் பள்ளத்துக்கு மேலே வானத்தில் ஏற்றினேன். சும்மா ஏற்றினால் புழுதியோடு புழுதியாகப் போய்விடும். அதனால் ரீசெட் கொடுத்தேன். முடிந்ததும் திரும்ப ஏற்றி, மறுபடி ரீசெட். அவளுக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான்.

ஒலிபரப்பு, தில்லை: "மேல ஏதோ அசையுது... சரிங்க. தெரியுது. கூப்பிடுறீங்க. வர முடியலங்க."

சற்றுப் பொறுத்து, சிரிக்கிற குரலில்: "கடைசில கூப்பிட்டுட்டீங்க பாத்தீங்களா."

நாள் 413, காலை 7.20

புயல் இறங்கவில்லை. அவள் வண்டியில் மூச்சுக் காற்று தீரும் நேரம் கடந்துவிட்டது. ஒலிபரப்பு இன்னும் திறந்திருக்கிறது, வெறும் இரைச்சல்.

அடுத்து இந்தக் கன்சோலில் உட்காருபவருக்கு: தொங்கிய விளக்கைத் தரையில் வைத்தால் முதலில் திசை அமைப்பைப் பார். சந்தேகம் வந்தால் அணை. யார் என்ன சொன்னாலும் அணை.

ஹமீதா: "அண்ணே, போதும்ணே. வெளக்க அணைச்சிருங்க. வெளிய வாங்க."

அணைத்தால் நின்றுவிடுவதாகச் சொன்னவள் அவள். அணைக்க மாட்டேன்.

7.21 ரீசெட்.
7.22 ரீசெட். ஏழாவது விளக்கு மறுபடி முரண்டு பிடிப்பதாகக் கன்சோல் காட்டுகிறது.
7.23 ரீசெட். வா.
7.24 வா தில்லை.
7.25 வா