பின்கதவுத் தாழ்ப்பாள்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் மூட்டுவலியும் மாத்திரையுமாக ஏதோ நன்றாகத்தான் இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். உன் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்துகொள்கிறார், அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒரு வார்த்தை பேச வழியில்லை. இப்போது முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். எல்லாம் உன் புத்தகக் கூட்டத்துக்காகத்தான், அதற்கு இன்னும் மூன்று வாரம் கிடக்கிறது, சொன்னால் கேட்டால்தானே.

உன் புத்தகத்தை முதலில் அவர் படித்தார், பிறகு நான் அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன். அறம், ஆழ்மனம், அடக்கிவைத்த ஆசை என்று பக்கத்துக்குப் பத்து வார்த்தை தலைக்கு மேலே போனது. மூன்றாம் அத்தியாயத்துக்கு மட்டும் அகராதி தேவைப்படவில்லை. நாளெல்லாம் ஊரார் கட்டடங்களில் லிஃப்ட் கதவுகளைச் சோதித்த மெக்கானிக், ஒரு மத்தியானம் சொந்த வீட்டுப் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட மறக்கிறார், மூன்று வயதுப் பிள்ளை வெளியே போய், பக்கத்து மனையில் தொட்டிக்குத் தோண்டிய குழித் தண்ணீரில் விழுந்து இறந்துபோகிறது. அப்பா பெயரைப் போடவில்லை, சரி. ஆனால் கதவே தொழிலாக இருப்பவன் கதவைச் சும்மா மறக்கமாட்டான், உள்ளே ஏதோ ஒன்று விரும்பியதைத்தான் அவன் மறதி என்கிறான், அதற்கும் அவனே பொறுப்பு என்று எழுதியிருக்கிறாய். அப்பா படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என்னங்க என்றேன். "நல்லா எழுதியிருக்கா, பயப்படாம எழுதுறா" என்றார். அன்றிலிருந்து தலை நிமிராமல் சாப்பிடுகிறார்.

அவர் மறக்கவே இல்லை. அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு முன்வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போனார். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். எல்லாம் முடிந்து கூட்டம் கூடியபோது அத்தை வந்து, "யாரு கதவத் தொறந்து போட்டது?" என்று கத்தினாள். பின்னால் கொடியில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்ததை அப்பா பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான்க்கா, போறப்ப மறந்துட்டேன்" என்றார். அன்று வாங்கிய பெயர்தான், முப்பத்தொரு வருஷமாகச் சொந்தக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஏன் சொன்னீர்கள் என்று ஒரே ஒரு முறை கேட்டேன். "குட்டிக்கு அம்மா வேணும்ல, நீ ஏதாவது பண்ணிக்கிட்டா?" என்றார். நானும் அந்த நிழலில் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டேன்.

இனிச் சொல்வது அவருக்கும் தெரியாது. உன் தம்பிக்குக் காய்ச்சல், நான்கு நாளாக என்னை உட்காரவிடவில்லை, காலைக் கட்டிக்கொண்டே அழுகை. துணிவாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "சனியனே, கொஞ்ச நேரம் என் கண்ணுல படாம எங்கயாவது போ" என்றேன். துணியைக் காயப்போட்டு உள்ளே வந்தேன், தாழ்ப்பாளைப் போடாமல் போய்ப் படுத்தேன். வீடு அமைதியானது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில் தூங்கிப்போனேன். இத்தனை வருஷம் அதை மறதி என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உன் புத்தகம் படித்ததிலிருந்து அப்படிச் சொல்ல முடியவில்லை. உன் வாதம் சரியா தப்பா என்று படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு அது சரியென்றுதான் படுகிறது. ஆனால் ஆளை மாற்றிவிட்டாய்.

அவருக்கு வலது காதுதான் கேட்கிறது, அதனால் முன்வரிசையில் இடது ஓரமாக இடம் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த அத்தியாயத்தைப் பேசத்தான் போகிறாய் என்றால் அந்த மெக்கானிக்கை விட்டுவிடு. "என் அம்மா" என்றே சொல். நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், எழுந்து போகமாட்டேன்.

உனக்கு ஒரு குறையும் வராமல், நிறைந்த ஆயுளோடு இரு. இந்தக் கடிதத்தைப் பற்றிப் போனில் மூச்சு விடாதே. தெரிந்தால் இதற்கும் தானே பொறுப்பு என்று சொல்லிவிடுவார்.

உன்,
அம்மா