கீழே விட்ட பாதித் தாள்

என் தங்கப் பேத்திக்கு,

பாட்டி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். தாத்தாவின் முழங்கால் வலி தேவலை. வலியைவிட முனகல்தான் அதிகம். வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள்.

நீ அனுப்பிய முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாலு தரம் படித்தேன். ‘எங்கள் குடும்பத்தின் முதல் பெண்ணியவாதி, என் பாட்டிக்கு’ என்று போட்டிருக்கிறாய். ஐந்தாவதோடு நின்றவளுக்கு ஆராய்ச்சிப் புத்தகத்தில் முதல் பக்கம். எனக்குத் தலைகால் புரியவில்லை. தாத்தா, “அப்போ நான் யாரு, பெண்ணியவாதி வீட்டுக்காரரா? எனக்கும் ஒரு வரி போடச் சொல்லு” என்கிறார். போடலாம்தான். தையல் கம்பெனியில் துணி வெட்டு மிஷினில் நான் நின்ற முதல் நாள், “போய்ட்டு வா, விரலை மட்டும் எண்ணிக் கொண்டா” என்று சொல்லி அனுப்பிய மனிதர்.

அடுத்த வாரம் அச்சுக்குப் போகும் என்கிறாய். அதற்குள் ஒன்று சொல்ல வேண்டும். போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய்.

அந்த வரிக்குக் கீழே கையுறைக் கதையை நீ சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். நூறு அடுக்குத் துணியை வெட்டும் கத்திக்கு முன் இடது கையில் இரும்பு வலைக் கையுறை போட வேண்டும். இருந்ததெல்லாம் ஆண்கள் அளவு. விரல் நுனியில் துணி அடைத்துக்கொண்டு வெட்டினேன். கட்டிங் மாஸ்டர், “உங்க வீட்டு வெங்காயம் இல்லம்மா இது” என்றார். “வெங்காயம்னா அழுதுக்கிட்டே வெட்டுவேன் அண்ணே, இதைச் சிரிச்சுக்கிட்டே வெட்டுறேன்” என்றேன். பிறகு, என் அளவுக்குக் கையுறை வரும்வரை மிஷினைத் தொடமாட்டேன் என்று மூன்று நாள் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வந்தது. எனக்குப் பின்னால் இன்னும் ஆறு பெண்கள் அந்த மேசைக்கு வந்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும். ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் என்றால் எனக்கு அன்றைக்கும் ஆகாது, இன்றைக்கும் ஆகாது.

ஆனால் ‘பெண்ணியவாதி’ என்ற அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ளக் கை கூசுகிறது. ஊர் என்ன சொல்லும் என்று இல்லை. பக்கத்து வீட்டு டீச்சர், “அது புருஷனைப் பிடிக்காதவங்களுக்குச் சொல்றது” என்றாள். அவள் கிடக்கிறாள்.

கையுறை வந்த அதே வருடம் உன் அம்மா பள்ளிப் படிப்பை முடித்தாள். ஒரு தடவை கோட்டை விட்ட உன் மாமாவும் அவளோடுதான் தேறினான். தொழிற்கல்லூரிக்கு இரண்டு விண்ணப்பம் வாங்கி வந்தேன். வரைபடம் போடும் படிப்புக்கு. உன் அம்மா வரைந்தால் கோடு அசையாது, உனக்குத் தெரியும். நான் பூர்த்தி செய்தது ஒன்றைத்தான், மாமாவுக்கு. “நானும் வேலைக்குப் போயிட்டா வீட்டை யார் பாக்குறது, நீ பொண்ணுதானே” என்று அவளிடம் சொன்னேன். நான் மேசையில் நிமிர்ந்து நின்ற பத்தொன்பது வருடத்தில், அவளுக்குக் கல்யாணம் ஆகும்வரை, என் வீட்டுச் சமையலறையில் நின்றது அவள். மாமா அந்தப் படிப்பில் தட்டுத்தடுமாறித்தான் கரையேறினான்.

அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உன்னைக் கல்லூரியில் சேர்க்கும்போது மட்டும் உனக்கு இரண்டு விண்ணப்பம் வாங்கி வந்தாள். எதுக்குடி ரெண்டு என்றேன். “ஒண்ணு தப்பாப் போனா இன்னொண்ணு இருக்கட்டும்மா” என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

நான் அன்றைக்குப் பூர்த்தி செய்யாமல் விட்டேனே, நீ அந்த இரண்டாவது விண்ணப்பத்தில் படித்தவள் கண்ணு. உன்னை நினைத்தால் எனக்கு வரும் பெருமையில் பாதிக்கு நான் உரியவள் இல்லை.

அதனால் இந்தக் கடிதத்தை ஒட்டாமல் உன் அம்மாவிடம் கொடுத்துத்தான் தபாலில் போடச் சொல்லப்போகிறேன். நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தாளில் கீழே பாதி இடம் விட்டிருக்கிறேன். பாட்டிக்கு அந்த வார்த்தை தகும் என்று அவள் எழுதியிருந்தால் அச்சில் போடு, தலையில் வைத்துக்கொள்கிறேன். வெறுமையாக வந்தால், ‘வெட்டு மேசையில் நின்ற பாட்டிக்கு’ என்று போடு. அதுவும் எனக்குக் குறைவில்லை. எது வந்தாலும் அவள் பெயர் என் பெயருக்கு மேலே இருக்கட்டும்.

நீ நினைத்த உயரத்துக்குப் போ, யாரையும் கீழே நிற்க வைக்காமல் போ.

உன் பாட்டி