அம்மாவுக்கு ஏற்றிய பிளாட்டினம்

அன்புள்ள அண்ணா,

புற்றுநோய்க்காக அம்மாவுக்கு ஏற்றும் மருந்தில் பிளாட்டினம் இருக்கிறது என்று நர்ஸ் அக்கா சொன்னார். அது பிறக்கும் விதத்தை நீ ஒருமுறை எனக்குச் சொன்னாயே, அதை அம்மாவிடம் சொன்னேன். செத்துப்போன இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றிக் கடைசியில் மோதும், அப்போதுதான் தங்கம், பிளாட்டினம் மாதிரி கனமானவை உண்டாகும் என்று.

"செத்ததுங்க மோதியா இவ்வளவும்?" என்று அம்மா சிரித்தாள். "அப்போ என்னை எரிச்சதும் சாம்பலைச் சலிச்சுப் பாருடி. உனக்கு ஒரு தோடாவது தேறும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று டாக்டரிடம் கேட்கப் போனேன். தண்ணீர் மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பினேன். அவரே பின்னால் வந்து, "வீட்டுல பெரியவங்க யாரும்மா இருக்காங்க?" என்றார். உன்னைச் சொன்னேன். "சீக்கிரம் வரச் சொல்லு" என்றார்.

பரீட்சை முடிந்ததும் வருவதாகச் சொல்கிறாய். "படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு பண்ணாதே" என்கிறாள் அம்மா. அவள் எதிரில் போனில் பேச முடியாமல்தான் எழுதுகிறேன். அவளைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

பரீட்சை அடுத்த வருடமும் வரும், அண்ணா.

உன் தங்கை