குக்கலும் ஒரு திருத்தமும்

10.11.97 திங்கள்
காலை முதல் மழை. வுச்சீரியாச் சந்தைத் தெரு முழுவதும் மீன் கழுவிய நீர். சப்பாத்து நனைந்தது. வாங்க வேண்டியவை: சவர்க்காரம், முத்திரை இரண்டு.

பக்கத்து அறை அனிற்றாவுக்கு இருமல், பத்தாம் நாள். ஆறு வயது. இன்று பின்னேரம் கவனித்தேன்: மூச்சு விடாமல் இருமி, முகம் கறுத்து, கடைசியில் கூவிக்கொண்டு காற்றை இழுக்கிறாள். பிறகு வாந்தி. ஊரில் இதைக் குக்கல் என்போம், கக்குவான் இருமல்.

வாயைத் துடைத்துக்கொண்டே என் இத்தாலியனைத் திருத்தினாள். "மாமா, நீங்கள் கதைக்கிறது புருத்தோ, வடிவில்லை. காது நோகுது." இந்த வீட்டில் என்னைத் தேடி வந்து கதைக்கிற ஒரே ஆள்.

தாய் ஜெசிந்தா: "தடிமன் அண்ணை. மழைக்குள்ளை நிண்டவள்."

11 செவ்வாய்
வெயில். பொலிதேயாமாப் பக்கம் நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் கிழவருக்கு இன்று பசி இல்லை. சூப் பாதி.

எழுதி வைக்க வேண்டியது. செப்டெம்பரில் அனிற்றாவைப் பள்ளியில் சேர்க்க, சுகாதார அலுவலகத்தில் மொழிபெயர்த்தவன் நான். டாக்டர் அம்மா கேட்டார்: ஊசிகள் போட்டதா, அட்டை எங்கே. எங்கள் ஆட்கள் மேசைக்கு முன் நின்றால் கேட்டதற்கெல்லாம் ஓம் என்பார்கள். இல்லை என்றால் இன்னொரு கேள்வி வரும். ஜெசிந்தாவும் ஓம் என்றார். அட்டை இடம்பெயர்ந்ததில் தொலைந்ததாம். அப்படியே சொல்லி, தாளில் எழுதியும் கொடுத்தேன்.

அவர் எங்கள் ஊர்த் தீவில் பிள்ளை பெற்ற ஆண்டு அங்கே கிளினிக் குளிர்பெட்டிக்கு மண்ணெண்ணெய் இல்லை. குக்கல் ஊசி உட்பட ஒன்றும் வரவில்லை. பிறகு ஓட்டம்தான். ஊர்ப் பேப்பரில் அந்தச் செய்தியை எழுதியவனும் நான். முதல் பக்கம்.

12 புதன்
பள்ளி விட்டதும் அனிற்றாவைத் தாய் வேலை வீட்டுக்கே கூட்டிப் போகிறார். லிபெர்த்தா வீதியில். அங்கே இரண்டு மாதக் குழந்தை. நேற்றே நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

குசினியில் ஜெசிந்தாவோடு கதைத்தேன்.

"வீட்டுக்கார சிஞ்ஞோராவுக்குச் சொல்லும், பிள்ளை."

"சொன்னால் நாளைக்கே நிப்பாட்டிப்போடுவா. வேலை இல்லாட்டிப் பெர்மெஸ்ஸோ இல்லை, இஞ்ச இருக்க விடமாட்டாங்கள். பிறகு இவரை எப்பிடி எடுக்கிறது?"

கணவர் கொழும்பில். மூன்று வருடமாக லொட்ஜ் அறையில்.

"குக்கல் அந்தக் குழந்தைக்குத் தொத்தினால் தாங்காது."

"உங்களுக்கு எல்லாமே செய்திதான். அண்டைக்கு ஓம் எண்டு எழுதினது ஆர்?"

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

13 வியாழன்
அரை நாள் விடுப்பு. சுகாதார அலுவலகம். அதே டாக்டர் அம்மா. செப்டெம்பர் தாளில் நான் எழுதியது பொய், ஊசி போடவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும் என்றேன். முப்பத்தொரு வருடப் பத்திரிகைத் தொழிலில் திருத்தங்கள் பல போட்டிருக்கிறேன். தெரிந்தே எழுதிய பிழைக்கு இதுதான் முதல்.

அவர் கோபிக்கவில்லை. பேனையை எடுத்தார். பிள்ளையின் பெயர், வகுப்பு, தாய் வேலை செய்யும் வீடு. கடைசியைச் சொல்ல நேரம் எடுத்தது. நான் கதிரையை விட்டு எழ முன்பே தொலைபேசியை எடுத்துவிட்டார்.

15 சனி
அனிற்றாவுக்கும் அந்தக் குழந்தைக்கும் மருந்து தொடங்கியாயிற்று. குழந்தை இன்னும் இருமவில்லை. சில நாள் பார்க்க வேண்டுமாம்.

சிஞ்ஞோரா ஜெசிந்தாவை வேலையால் நிறுத்திவிட்டார். தொலைபேசியில், இரண்டு நிமிடம்.

பின்னேரப் பூசை முடிந்து கோயில் வாசலில், எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள்:
"பேப்பர்காரர் வீட்டுக்குள்ளையே செய்தி எடுத்திட்டார்."
"மெல்லக் கதை. குறிப்பெடுக்கப்போறார்."
சிரிப்பு. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

16 ஞாயிறு
மேகம். ஜெசிந்தா ஒன்றுவிட்ட அக்கா வீட்டுக்குப் போகிறார்; அங்கே தொற்றப் பிள்ளைகள் இல்லை. பெட்டி இரண்டு, மாதா படம், பள்ளிப் பை. தூக்கப் போனேன்.

"வேண்டாம்."

அனிற்றா வாசலில் இருமி முடித்து, மூச்சு வாங்கி, "மாமா வரேல்லையோ?"

"அவருக்கு வேலை இருக்கு. வா."

படியில் இறங்கும் சத்தம். இருமல். நின்றார்கள். மறுபடி இறங்கினார்கள்.

எனக்கு இன்று வேலை இல்லை.