எல்லாவற்றையும் எழுதிய மினிட்ஸ் புத்தகம்

மார்ச் 3
எழுபத்திரண்டு வயதில் எனக்கென்று சொந்தமாக ஒரு நோட்டு. இந்த ஒரு வரிக்குள் டீ ஆறிவிட்டது. "யாருக்கு, காதல் கடிதாசியா?" என்கிறாள் வீட்டுக்காரி. பொறாமை.

மார்ச் 6
என் சைக்கிள் கடை மாடியில் பேத்தியும் அவள் கூட்டாளிகளும் சங்கம் நடத்துகிறார்கள். பெண் பிள்ளைகளைத் தலைவிகளாக்கும் சங்கம். எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்ததும் இவர்கள்தான் — குதிரைவால், கண்ணாடி என்று நான் பட்டப்பேர் வைத்திருக்கும் பிள்ளைகள். இங்கே ஒரு கிறுக்கு விதி உண்டு: ஒரு வேலையைக் கடைசியாகக் கற்றவர்தான் அதைச் செய்ய வேண்டும். பேச நடுங்குகிறவள்தான் கூட்டத்தை நடத்துவாள். எழுதக் கடைசியாகக் கற்றவன் நான். ஆக, ஒரு வருஷமாக மினிட்ஸ் புத்தகம் என் கையில். கூட்டத்தில் பேசுவதை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். எல்லாவற்றையும்.

மார்ச் 11
அரசாங்க அங்கீகாரத்துக்கு மனு போட்டிருக்கிறார்கள். கிடைத்தால் ஞாயிறுதோறும் பெரிய திடல் இவர்களுக்கு. கிடைக்காவிட்டால் பந்தாட்டப் பையன்களுக்கு. இப்போதே நாற்பது பிள்ளைகள். இன்னும் நாலு பேர் சேர்ந்தால் மாடி என் தலையில்தான் இறங்கும். ஆபீஸிலிருந்து கடிதம்: பதினெட்டாம் தேதி மினிட்ஸ் புத்தகத்தோடு வரவும்.

மார்ச் 12
பேத்தி புத்தகத்தைப் புரட்டினாள். முகம் போன போக்கு!
"என்ன தாத்தா இது? 'குதிரைவால், கண்ணாடியை எருமை என்று திட்டினாள். கண்ணாடி அழவில்லை, தும்மினாள்.' இதெல்லாமா எழுதுவாங்க?"
"பேசினத எழுதச் சொன்னீங்களேம்மா."
"முடிவ மட்டும் எழுதணும்!"
இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன?
எட்டாம் பக்கம் இன்னும் மோசம். போன வருஷம் பார்வையிட வந்த அதிகாரி, "பொண்ணுங்களுக்கு எதுக்கு சங்கம்? சமையல் கத்துக்குங்க" என்றார். அதை எழுதியிருக்கிறேன். அவர் கொட்டாவி விட்டதையும். ஆறு முறை. மனுவுக்குச் சிபாரிசு எழுத வேண்டியவரும் அவரே.

மார்ச் 14
கண்ணாடி புது நோட்டோடு வந்தாள். எல்லாவற்றையும் யோக்கியமாகத் திருப்பி எழுதிவிடலாமாம். கை தூக்கினார்கள். பாதிக்குப் பாதி. மிச்சமிருந்த ஒரே கை பேத்தியுடையது.
"பொய் புக்கு காட்டித்தான் தலைவியாகணும்னா, நான் கீழ போய் தாத்தாவோட பஞ்சர் ஒட்டுறேன்."
பழைய புத்தகமே போகிறது. என்னால் கெட்டது என்று பேர் வரப்போகிறது. நாற்பது பிள்ளைகள் — நான் வாயையும் பேனாவையும் மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா?

மார்ச் 17
உடம்பு சரியில்லை. பயம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 18
கொட்டாவி அதிகாரி எட்டாம் பக்கத்தில் நின்றார். காது மடல்வரை சிவந்துவிட்டது.
"யாருய்யா இத எழுதினது?"
எழுந்தேன். "நான்தாங்க."
"இந்த லட்சணத்துல அங்கீகாரம் வேற கேக்குதா?"
பக்கத்து மேஜையில் மேலதிகாரி அம்மா. "இங்க குடுங்க" என்று வாங்கிப் படித்தார். சிரிப்பை இருமலாக்கப் பார்த்தார். ஆகவில்லை.
"காலையிலேர்ந்து பதினோரு சங்கத்து புக்கு பாத்துட்டேன். எல்லாம் ஒரே பேனா, ஒரே மூச்சுல எழுதினது. எல்லாரும் எல்லாத்துக்கும் சரி சரின்னிருக்காங்க. இவங்க ஒருத்தங்கதான் நெஜமா கூட்டம் போட்டிருக்காங்க." பிறகு அவரிடம் திரும்பி, "ஆறு தடவையா சார்?"
"அன்னிக்கு உடம்பு முடியல மேடம்."
எனக்கு உடம்பு சரியாகிவிட்டது.

ஏப்ரல் 2
அங்கீகாரம் வந்துவிட்டது! முத்திரையை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். "நக்கிடாதீங்க" என்றாள் வீட்டுக்காரி. அடியில் ஒரு நிபந்தனை: பொறுப்பாளர்கள் அனைவரும் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட பெண்களாக இருக்க வேண்டும். இரண்டிலும் நான் பெயில்.

ஏப்ரல் 6
திடலில் முதல் கூட்டம். புத்தகத்தில் இன்று எழுதியது: 'தாத்தாவை எழுத்தர் பொறுப்பிலிருந்து நீக்குவதென்று தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர் அவருடைய பேத்தி. முன்மொழியும்போது மூன்று முறை மூக்கை உறிஞ்சினார். எதிர்ப்பு இல்லை.'
எழுந்து நின்று வாசித்தேன். நாற்பது பேரும் கைதட்டினார்கள்.
"அந்த மூக்க மட்டும் எடுத்துடுங்க தாத்தா."
எடுக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு, புத்தகத்தைக் குதிரைவாலிடம் கொடுத்தேன்.