பின் கதவில் இருந்த பெயர்

வியாழக்கிழமை, ராத்திரி.

ஆற்றுத் தண்ணீர்த் தகராறில் பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகளைக் கல்லால் அடிக்கிறார்களாம். அங்கே நர்சிங் ஹாஸ்டலில் இருக்கும் எங்கள் மலரைக் கூட்டிவர இவர் விடிகாலையில் வேனை எடுக்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேன் வாங்கியபோது பின் கதவில் அவள் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதினோம். இன்று ஷிப்டு முடிந்து வந்ததும் இவர் உப்புத்தாளால் தேய்த்து, அதன்மேல் வெள்ளை பெயிண்ட் அடித்தார்.

"பொண்ணு பேரையாங்க அழிக்கிறீங்க?"

"அழிக்கலடி, மறைக்கறேன்."

காய்ந்ததும் எழுத்துகள் புடைத்துக்கொண்டு தெரிந்தன. அதன்மேல் இன்னொரு பூச்சு அடித்தார். இப்போது எழுத்து தெரியவில்லை. ஆனால் பழுப்பேறிய வேனில் அவள் பெயர் நீளத்துக்கு ஒரு பளீர் வெள்ளைப் பட்டை.

பக்கத்து வீட்டுக் கன்னடக்கார மஞ்சக்கா பார்த்துவிட்டு, "அண்ணா, எதையோ மறைச்சிருக்கீங்கன்னு இதுவே காட்டிக் குடுக்குமே. நம்பர் பிளேட்டை என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"சேறு பூசிக்கறேன்" என்றார். அவள் உள்ளே போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் போன் இல்லை; தினமும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு மலர் மஞ்சக்கா வீட்டுக்குத்தான் போன் பண்ணுவாள். இன்று பண்ணவில்லை. மஞ்சக்காவும் இன்னும் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

இவர் பிசைந்த சோற்றில் பெயிண்ட் வாடை. பாதியில் எழுந்து கை கழுவினார்.

பெயர் எழுதின அன்றைக்குக் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தோம். அழித்த அன்றைக்கு என்ன செய்வது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.